மருதாணி இல்லாத விரல்

எங்கள் வீட்டுக்காரரிடம் கை நீட்டவே ஆட்கள் யோசிப்பார்கள். நீட்டினால் குலுக்க மாட்டார். திருப்பிப் பிடித்து நகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "வயிறு ஒழுங்கா போகுதா?" என்று கேட்பார். கல்யாணப் பந்தலோ கோயில் வாசலோ, பாசாரில் மீன்காரன் கடையோ, எந்த இடமாக இருந்தாலும் கேள்வியில் மாற்றம் கிடையாது. பக்கத்தில் நிற்கும் நான்தான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருப்பேன்.

இவருக்கு மலாக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை. புண்ணைக் கழுவிக் கட்டுவது, ஊசி போடுவது, டாக்டர் வார்டு சுற்றும்போது பின்னால் போவது எல்லாம் அந்தக் காலத்தில் டிரஸ்ஸர் பாடு. நம் ஆட்களுக்கு டாக்டர் என்றால் பயம், டிரஸ்ஸர் என்றால் சொந்தம். அதனால் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டுக்குச் சாயங்காலமானால் யாராவது ஒருவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவார். நான் கோப்பித் தண்ணீரை அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

நகப் பைத்தியம் இவருக்கு ஆஸ்பத்திரியில் பிடித்தது. அங்கே இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் விரலைத்தான் பிடிப்பாராம். அதைப் பார்த்துப் பார்த்து இவரும் கற்றுக்கொண்டார். நகம் வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு. விரல் நுனி பருத்து, நகம் கிளி மூக்கு மாதிரி வளைந்து இறங்கினால் நெஞ்சில் நெடுநாள் கோளாறு இருக்கலாம். நீலம் ஓடினால் மூச்சையும் இதயத்தையும் உடனே பார்க்க வேண்டும். நடுவில் குழிந்து கரண்டி போல் ஆகிவிட்டால் உடம்பில் இரும்புச் சத்து இல்லை. "நாக்கு பொய் சொல்லும், நகம் சொல்லாது" என்று ஒரு வசனம் வேறு வைத்திருந்தார். அது டாக்டர் சொன்னதில்லை, இவரே கட்டியது. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இவர் பெயர் கம்பம், அதாவது எங்கள் கிராமம், முழுக்கப் பரவியது ஒரு கோப்பிக் கடைக்காரரால். அவர் கை நகங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே ஒரே உயரத்தில் ஒரு பள்ளம் ஓடியிருந்தது. இவர் அதைத் தடவிப் பார்த்து, "ரெண்டு மூணு மாசத்துக்கு முன்ன பெரிய காய்ச்சல்ல படுத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மனுஷன் அசந்துபோய்விட்டார். கடுமையான காய்ச்சலில் உடம்பு நகம் வளர்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும், அந்தத் தடம்தான் பள்ளமாக மேலே ஏறி வரும் என்று இவர் விளக்கியதை யார் காதில் வாங்கினார்கள்? டிரஸ்ஸர் நகத்தைப் பார்த்து நடந்ததைச் சொல்கிறார் என்று பேச்சாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறவர் நடக்கப்போவதைச் சொல்ல மாட்டாரா? பெண்ணுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டு ஒருவர் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் புதுத் துணி கிடைக்கும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சாஸ்திரம். தீபாவளி நெருங்கினால் புள்ளியை எண்ணிக்கொண்டு இவரிடம் ஓடிவருவார்கள். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "துணியுமில்ல ஒண்ணுமில்ல, விரலை எங்கயாச்சும் இடிச்சிருப்ப" என்பார். பிள்ளை உதட்டைப் பிதுக்கும். நான் ரொட்டித் துண்டை நீட்டி, மாமாவுக்குப் பார்வை சரியில்லை, துணி கட்டாயம் வரும் என்று சொல்லி அனுப்புவேன். சின்னதுகளிடம் உண்மையைச் சொல்லி இவருக்கு என்ன பதக்கமா கொடுக்கப்போகிறார்கள்?

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்காச் செட்டி குடும்பம் ஒன்று இருந்தது. பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்களின் வழி. நெற்றியில் திருநீறு, சாமி அறையில் மாரியம்மன், பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டு அம்மாவை நான் காக்கா என்று கூப்பிடுவேன், மலாயில் அக்கா. காக்காவுக்குத் தெரிந்த தமிழ் பூஜைச் சாமான்களோடு முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த மலாய் பாசாரோடு முடிந்துவிடும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை வேலியோரம் நாங்கள் பேசாத பேச்சில்லை. நகமும் சதையுமாகத்தான் இருந்தோம்.

இவருடைய வைத்தியப் புகழுக்குக் குழி தோண்டியதும் அந்தக் காக்காதான். கோயில் திருவிழா நேரம். இவர் வேலை முடிந்து சைக்கிளில் வந்து இறங்கவும், காக்கா வேலிக்கு மேலே ஒரு தட்டை நீட்டவும் சரியாக இருந்தது. தட்டில் என்ன இருக்கிறதென்று இவர் பார்க்கவில்லை. தட்டைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். பத்து நகமும் நீலம். சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு வேலியைச் சுற்றி ஓடினார். காக்காவைப் பிடித்துப் பலகையில் உட்காரவைத்து, நாடியைப் பார்த்து, ஆடக்கூடாது அசையக்கூடாது, பேசவும் கூடாது என்று சொல்லிவிட்டு, கார் பிடித்து வரச்சொல்லி காக்காவின் புருஷனை விரட்டினார். இதயம் நிற்கப்போகிறது என்றே நினைத்துவிட்டார்.

காக்கா வாயைத் திறக்கப் பார்க்கும்போதெல்லாம் இவர் அடக்கினார். கடைசியில் தாங்க முடியாமல் காக்கா தட்டைத் தூக்கி இவர் மூக்குக்கு நேரே காட்டினார். அதில் நீல நிறப் புளுட் பலகாரம். திருவிழாவுக்காகக் காலையிலிருந்து கூடை கூடையாகச் சங்குப்பூவைக் கசக்கிச் சாறு பிழிந்து ஒட்டரிசியில் கலந்துகொண்டிருந்தாராம். மலாக்காவில் பிறந்து வளர்ந்தவர், வருஷம் தவறாமல் அந்தப் பலகாரத்தைத் தின்றவர், அதைச் செய்த கையைப் பார்த்து நெஞ்சு வலி என்றால் ஊர் சும்மா விடுமா? ஒரு மாதத்துக்குக் கம்பத்துப் பிள்ளைகள் சங்குப்பூவை விரலில் தேய்த்துக்கொண்டு வந்து, "டிரஸ்ஸர், மயக்கமா வருது" என்று எங்கள் வாசலில் விழுந்து புரண்டார்கள். நானும் உள்ளே நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதிலிருந்து இவர் ஒரு சட்டம் போட்டார். சாயம் பட்ட நகத்தைத் தொடமாட்டார். மஞ்சள் அரைத்த கையா, கழுவிவிட்டு வா. வெற்றிலைக் கறையா, தேய்த்துவிட்டு வா. மருதாணி வைத்த கையென்றால், அது போன பிறகு வா. நியாயமான சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டப்படி இவர் ஆயுசுக்கும் பார்க்கமுடியாத கை ஒன்று இவர் வீட்டிலேயே இருந்தது.

எனக்கு மருதாணி என்றால் உயிர். காக்கா வீட்டுக் கிணற்றடியில் ஆள் உயரத்துக்கு ஒரு மருதாணிச் செடி நின்றது. அவர்கள் அதை இனாய் என்பார்கள். நான் இலையைப் பறித்து, பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து அம்மியில் மைய அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு இவர்தான் எனக்குச் சோறு ஊட்ட வேண்டும். சிவப்பு மங்குவதற்குள் அடுத்த அரைப்பு தயாராகிவிடும். மருதாணி நன்றாகப் பிடித்தால் புருஷனுக்கு ஆசை அதிகம் என்று சொல்வார்கள் இல்லையா, என் கை கருஞ்சிவப்பாகப் பிடிக்கும். அதைப் பத்துப் பேருக்குக் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த நாட்களில் ஒரு குறை எங்களுக்கு இருந்தது. எனக்கு முதலில் உண்டான பிள்ளை தங்கவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டோம். பேசினால் இவர் எழுந்து போய் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். நாட்டுக்குச் சுதந்திரம் எப்போது வரும் என்று பண்டா ஹிலிர் திடலில் அறிவித்தபோது ஊரே அங்கே திரண்டது, நாங்களும் போனோம். திடலுக்கு நடப்பதற்குள் எனக்கு மூச்சு இரைத்தது. கூட்டம், வெயில், புழுக்கம் என்று மூன்று காரணம் கையில் இருக்கும்போது நாலாவது காரணத்தை யார் தேடுவார்கள்?

மறு வருஷம் நான் மறுபடியும் உண்டானேன். படி ஏறினால் நெஞ்சு படபடத்தது, மசக்கை என்றார்கள். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது, அதுவும் மசக்கை. நகங்கள் பட்டுப் பட்டென்று உடைந்தன. சாம்பல் போட்டுப் பானை தேய்க்கிற கை, உடையாமல் என்ன செய்யும்? எனக்கு ஒரு ரகசியமும் இருந்தது. இடுப்பில் ஒரு முடிச்சு நிறையப் பச்சரிசி வைத்து மென்றுகொண்டே இருப்பேன். அது தீர்ந்தால் அடுப்புச் சாம்பலில் ஒரு சிட்டிகை. கோயிலுக்குப் போனால் எல்லாரும் திருநீற்றை நெற்றியில் பூசுவார்கள், நான் பாதியை வாயில் போட்டுக்கொள்வேன். சாமி பிரசாதம்தானே, அதில் என்ன குற்றம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் காக்காவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவர்கள் கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இனாய் வைப்பது தனிச் சடங்கு. சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து செடியை மொட்டை அடித்துவிட்டார்கள். மிச்சம் துளிர்த்ததை எவர் வீட்டு ஆடோ வந்து மேய்ந்துவிட்டுப் போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆட்டைக் கறி சமைத்திருப்பேன். வேறு வழியில்லாமல் வெறும் கையோடு திரிந்தேன். நகம் வளர வளரச் சிவப்பு மேலே ஏறியது. கீழே வெள்ளையாக வந்தது. அழகில்லையே என்று வருத்தப்பட்டேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெரியவர் கைகாட்ட வந்திருந்தார். குழி விழுந்த நகத்தைக் கண்டுபிடிக்க இவர் ஒரு சோதனை வைத்திருந்தார். நகத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். நல்ல நகமென்றால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். குழிந்த நகமென்றால் அங்கேயே தங்கும். பெரியவர் கையில் ஓடிவிட்டது. அவர் சந்தோஷமாகக் கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார். நான் குவளையை எடுக்க வந்தவள், சும்மா இவரைச் சீண்டலாமென்று எதிரே உட்கார்ந்து கையை நீட்டினேன். ஊரார் மனைவிகளுக்கெல்லாம் பார்க்கிறீர்கள், எனக்கும் ஒரு சொட்டு விடுங்கள், இப்போதுதான் மருதாணி இல்லையே என்றேன்.

இவரும் சிரித்துக்கொண்டே விட்டார். சொட்டு என் மோதிர விரல் நகத்தில் உட்கார்ந்தது. சேம்பிலையில் நிற்கிற மாதிரி குண்டாக நின்றது. கையைச் சாய்த்தார், போகவில்லை. துடைத்துவிட்டு அடுத்த விரலில் விட்டார். அங்கேயும் நின்றது. நான் அது ஏதோ என் சாமர்த்தியம்போல் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு இவர் நகத்தை அழுத்தி விட்டார். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்க வேண்டும். எனக்கு அழுத்தும்போதும் வெள்ளை, விட்டபிறகும் வெள்ளை. இவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் மெதுவாக, பச்சரிசி, சாம்பல் ஏதாவது தின்கிறாயா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் போட்டுக்கொடுத்தார்கள் என்று சண்டைக்குப் போனேன். யாரும் சொல்லவில்லை, ரத்தம் இல்லாத உடம்பு அப்படிக் கேட்கும் என்றார். போன பிள்ளையும் இதனால்தான் போயிற்றா என்று நான் கேட்டேன். தெரியவில்லை என்றார். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது, ஆத்திரம்தான் வரும். வந்ததைக் கொட்டினேன்.

"ஊர்ல உள்ள நகமெல்லாம் பார்த்தீங்க. தினம் இந்தக் கையாலதான் உங்களுக்குச் சோறு போடுறேன். இது மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

இவர் என் கையை விடவில்லை. "அழகா இருந்துச்சு. அழகா இருக்குன்னு பார்த்தேன். அதுக்கு மேல பார்க்கல."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். கைப்புண்ணை மருதாணி போட்டு மூடிவைத்தால் கண்ணாடி என்ன செய்யும், டிரஸ்ஸர்தான் என்ன செய்வார்? வைத்தவள் நான், ரசித்தவர் இவர். சண்டையைத் தொடர எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்துப் பார்த்த லேடி டாக்டர் என்னிடம் ஒளிக்கவில்லை. பிரசவத்தில் எல்லாப் பெண்ணுக்கும் ரத்தம் போகும், உன் உடம்பில் போவதற்கு மிச்சம் வேண்டுமே என்றார். பிள்ளை பிழைத்து நான் போய்ச்சேரலாம், இரண்டு பேருமே போகலாம். இதை இவர் தமிழில் எனக்குச் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, மீதியைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரை விழுங்கினேன். வயிற்றிலிருந்து போவதெல்லாம் கரியாகப் போயிற்று. இவர் அதையும் விசாரிக்கத் தவறவில்லை. ஆட்டு ஈரலை வாரத்தில் பாதி நாள் வாங்கிவந்து தானே வதக்கினார்; அந்த வாடைக்கு நான் வேலியைத் தாண்டி ஓடினேன். அங்கே காக்கா கெராங் என்கிற சிப்பியைச் சம்பல் போட்டுப் பிரட்டித் தட்டில் வைத்திருப்பார். சாப்பிடுகிறவரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். கங்குங் கீரையும் முருங்கைக் கீரையும் தின்று தின்று, இனி ஆட்டைத் திட்டும் தகுதி எனக்கில்லை என்று முடிவுக்கு வந்தேன். பச்சரிசி டின்னை இவர் அலமாரியின்மேல் வைத்தார். எடுக்க ஸ்டூல் போடவேண்டும், ஏறினால் மூச்சு வாங்கும். அப்படியே விட்டுவிட்டேன்.

மருதாணி கூடவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. செடி திரும்பத் தழைத்து என்னைப் பார்த்துத் தலையாட்டியது, நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பத்து நகத்தையும் அழுத்திப் பார்ப்பார். முதலில் இவருக்கு மட்டும் ஏதோ தெரிந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் எனக்கும் தெரிந்தது. வெள்ளையில் லேசாக ஒரு சிவப்பு, தண்ணீரில் குங்குமம் விழுந்த மாதிரி. குழி மட்டும் அவசரப்படவில்லை. வேரிலிருந்து சமமான புது நகம் வளர்ந்து பழையதை முன்னே தள்ளிக்கொண்டு வந்தது. படி ஏறினால் படபடப்புக் குறைந்தது. ஒருநாள் இவரோடு மூச்சு விடாமல் சண்டை போட்டேன். இவர் சந்தோஷப்பட்டார்.

வலி வந்தபோது ஊரெங்கும் புதுக் கொடி. சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிரசவ வார்டில்கூட மிஸ்ஸிமார்கள், அதான் நர்ஸுகள், ஜன்னல் கம்பியில் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். எனக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. ரத்தம் கொஞ்சம் கூடுதலாகத்தான் போனது என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காலை வெயில் கட்டிலில் விழுந்திருந்தது, பக்கத்தில் ஒரு பிள்ளை என்னைப்போலவே கோபமாகக் கத்தியது. பெண் பிள்ளை.

இவரை உள்ளே விட்டார்கள். மிஸ்ஸி பிள்ளையைத் துணியில் சுற்றி வாசலிலேயே நீட்டிக்கொண்டு நின்றாள். இவர் அவளைத் தாண்டி நேரே என் கட்டிலுக்கு வந்தார். என் கையை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பி, மோதிர விரல் நகத்தை அழுத்தினார், விட்டார். திரும்பவும் அழுத்தினார், விட்டார். கூட வேலை செய்கிற மிஸ்ஸிமார்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலில் பிள்ளையைப் பாருங்கள் என்று முணுமுணுத்தேன்.

"இரு. நீ இருக்கியான்னு பார்த்துக்கிறேன்" என்றார்.

அப்புறம்தான் மகளை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் அவள் விரலைப் பிரித்து அந்த அரிசி நகங்களையும் பார்த்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வயிறு ஒழுங்காகப் போகிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

தீட்டுக் கழிந்து வீடு கழுவிய அன்று காக்கா ஒரு கிண்ணத்தில் இனாய் அரைத்துக்கொண்டு வந்தார். டாக்டரிடம் கேட்டாகிவிட்டது, வைக்கலாம் என்று இவரே சொல்லியனுப்பியிருக்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து கையை நீட்டினேன். அந்த வாசனைக்கே எனக்குக் கண் கலங்கியது. காக்கா ஒவ்வொரு விரலாகத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து இடது மோதிர விரலைத் தொடப்போனார். நான் அந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

ஏன், வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒன்பது விரல் சிவந்து ஒரு விரல் வெளுத்துக் கிடந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்றார். சிரிக்கட்டும், அந்த விரல் இவருக்கு என்றேன்.

காக்கா சிரிக்கவில்லை. ஈரத்துணியை எடுத்து அந்த விரலின் ஓரத்தில் தெறித்திருந்த சாற்றைத் துடைத்துவிட்டு, அடுத்த விரலுக்குப் போனார்.